தொடுதிரை ஃபேன் கண்ட்ரோலர்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும் செய்யவேண்டிய பரீட்சைகள்

1956 நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்ய எல்லைகள் மொழிவாரியாகத் திருத்தப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தைச் சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டபடியால், பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை முதலிய எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் இன்றைக்கும் ஒரே கடையில், ஒரே கம்ப்யூட்டரில் அச்சுக்குத் தயாராகின்றன. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகளிலும், ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோக்களிலும் காலையில் முடுக்கப்பட்ட யந்திரம் இரவு கடை சாத்தும்வரை ஓய்வதில்லை. இந்த அத்தியாயம் பிரதானமாக அத்தகைய கடைக்காரர்களையும், பழைய பெரிய கேபினட்டைக் கழித்துவிட மனமில்லாத வீட்டு உபயோகஸ்தர்களையும் உத்தேசித்து எழுதப்படுகிறது.

கேபினட்டின் முகப்பில் பொருத்தி, உள்ளே சுழலும் ஃபேன்களின் வேகத்தை விரலால் தொட்டுக் கூட்டவும் குறைக்கவும், ஆங்காங்கே உள்ள உஷ்ணத்தை எண்ணாகக் காணவும் உதவும் சாதனமே தொடுதிரை ஃபேன் கண்ட்ரோலர். அதன் நிறமும் ஒளியும் கண்ணைக் கவர்வதால், பார்த்தவுடனே அது நல்ல சாதனம் என்று முடிவு கட்டிவிடுவது சகஜம். ஆனால் கரண்டு அடிக்கடி போய் வருவதும், வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் நிற்பதும், துலாமாத இடி மாலைதோறும் முழங்குவதுமான நம் பிரதேசத்தில், கரண்டு போய் வந்த பிறகும், சென்ஸார் வயர் அறுந்த பிறகும், பக்கத்தில் ஆளில்லாத வேளையிலும் அது என்ன செய்கிறது என்பதைக் கண்டறியாமல் அதை நம்புவது விவேகமாகாது. ஆகவே பின்வரும் பரீட்சைகளுள் அவ்விஷயத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது உங்களுக்கு வேண்டுமா?

கண்ட்ரோலர் எதையும் குளிர்விப்பதில்லை. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டை ஃபேனுக்கு முழுதாகவோ குறைத்தோ கொடுப்பது மட்டுமே அதன் தொழில். ஆதலால் ஏற்கெனவே முழு வேகத்தில் சுழலும் ஃபேனை இன்னும் வேகமாகச் சுழற்ற அதனால் இயலாது. அதன் யதார்த்தமான பயன் இரைச்சலைக் குறைப்பதே. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறையப் பாதியாகும். இரைச்சலோ சுமார் 15 டெசிபெல் இறங்கும். காற்றில் நஷ்டம் பாதி, செவிக்கு லாபம் அதைவிட அதிகம் என்ற இந்தக் கணக்கில்தான் சாதனத்தின் முழுப் பிரயோஜனமும் அடங்கியிருக்கிறது.

உங்கள் யந்திரம் சூட்டினால் அடிக்கடி தானே அணைந்துபோகிறதென்றால், கண்ட்ரோலர் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஹீட் சிங்கில் அடைந்த தூசியையும், பிராசஸர்மீது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் கவனியுங்கள். பாலராமபுரத்துத் தறிவீடுகளை அடுத்து வசிப்போருக்குப் பருத்திப் பஞ்சு ஹீட் சிங்கின் இடுக்குகளில் மெத்தைபோல் படிந்திருக்கும். கிழக்கே மலையடிவாரத்தில் கல்குவாரிக்கு அருகே உள்ளவர்களுக்குக் கல்பொடி. மேற்கே பொழியூர், பூவாறு கடற்கரையில் உப்புக்காற்று பின்களில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். இவற்றைத் துடைத்த பிறகும் குறை நீங்காதபோதே மேலே யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். தற்காலத்து மதர்போர்டுகளில் பெரும்பாலானவை பயாஸ் மூலமாகவே நான்கு பின் ஃபேன்களின் வேகத்தை உஷ்ணத்துக்குத் தக்கபடி மாற்றுகின்றன. அமெரிக்காவின் என்.இஸட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் சென்ட்ரி 2, தைவானைச் சேர்ந்த பிட்ஃபீனிக்ஸின் ரீகான், தெர்மல்டேக்கின் கமாண்டர் எஃப்.டி. ஆகியவை பிரசித்தி பெற்றிருந்த காலத்தில் அந்த வசதி இவ்வளவு பரவியிருக்கவில்லை. இன்று புதிய கேபினட்டுகளில் டிவிடி டிரைவுக்கான பெரிய துவாரமே பெரும்பாலும் இல்லாமற் போய்விட்டதால், இத்தகைய சாதனங்கள் பழைய சரக்காகவோ ஒருவர் உபயோகித்துக் கழித்தவையாகவோதான் பெரும்பாலும் கைக்கு வரும். மதர்போர்டில் ஃபேன் இணைக்க ஓரிரண்டு இடமே இருந்து, கேபினட்டில் நான்கைந்து ஃபேன்கள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மற்றவர்கள் இந்த அத்தியாயத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு பயாஸைத் திறந்து பார்ப்பது பணத்துக்கு நல்லது.

கடைக்குப் போகுமுன் வீட்டில் எடுக்கவேண்டிய அளவுகள்

1. கேபினட்டின் முகப்பில் டிவிடி டிரைவ் அமரும் காலித் துவாரம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் உயரமும் இருக்கவேண்டும். சில மாடல்கள் இரண்டு துவாரங்களை அடைத்துக்கொள்ளும்.

2. முகப்பில் கதவு வைத்த கேபினட்டானால், கதவு மூடிய நிலையில் திரைக்கும் கதவுக்கும் இடையே இடைவெளி எஞ்சுமா என்று அளந்து பாருங்கள். கதவு உரசினால் திரை அதை விரலென்று எண்ணிக்கொள்ளும்.

3. ஒவ்வொரு ஃபேனின் நடுவில் ஒட்டிய லேபிளில் உள்ள ஆம்பியர் எண்ணைக் குறித்து, 12-ஆல் பெருக்குங்கள். 0.25 ஆம்பியர் என்றிருந்தால் 3 வாட்.

4. ஃபேனின் இணைப்பு மூன்று பின்னா, நான்கு பின்னா என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பின்னில் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகத்தைத் தெரிவிக்கும் வயர். நான்காவது பின் வேகத்தைக் கட்டளையிடுவதற்கானது.

5. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் வயர்களில், மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு ஆகிய நான்கு வயர்கள் கொண்ட பெரிய மோலெக்ஸ் இணைப்பு ஒன்றாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாட் கணக்கில் சிரத்தை வேண்டும். சென்ட்ரி 2, ரீகான் போன்றவற்றில் சேனல்கள், அதாவது ஃபேன் மாட்டும் தனித்தனி இணைப்புகள், ஐந்து. சேனல் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 10 வாட். ஸ்பிளிட்டர் போட்டு ஒரே சேனலில் 3 வாட் ஃபேன்கள் மூன்றை மாட்டினால் கணக்குப்படி 9 வாட்தான் என்றாலும், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில் ஃபேன் சற்று அதிகமான கரண்டை இழுக்கும். அனுமதித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வதே ஜாக்கிரதையான வழி. பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் தடித்த ஃபேன்களில் ஒன்றரை ஆம்பியர் வரை, அதாவது 18 வாட் இழுப்பவை உண்டு. அவற்றை இத்தகைய கண்ட்ரோலரில் மாட்டினால் சேனல் கருகிப்போகும்.

குறிப்பு: மோலெக்ஸ் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்காகச் சாட்டா இணைப்பிலிருந்து மாற்றும் வயரை வாங்க நேர்ந்தால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து ஒட்டிய மலிவான தினுசைத் தவிருங்கள். அதனுள் வயர்கள் நெருங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து தீப்பற்றிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. ஒவ்வொரு வயரும் தனித்தனியே கவ்விப் பிடிக்கப்பட்ட தினுசே உத்தமம்.

கடையில்

நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவும் மார்த்தாண்டமும் நம் கிராமங்களுக்கு ஏறக்குறையச் சமதூரந்தான். எங்கே வாங்கினாலும், சாமானைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் ஓடும் அண்ணாச்சி, தைரியமா கொண்டு போங்க" என்று சொல்லும் கடைக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். கீழே சொல்லும் பரீட்சைகளை அவர் செய்து பார்த்திருக்க மாட்டார். பெட்டியில் சேனலுக்கு ஒன்றாக ஃபேன் வயர்களும் உஷ்ணமானி வயர்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பழைய சரக்கானால், மயிர்போல் மெல்லிய அந்த உஷ்ணமானி வயர்களின் நுனி நசுங்கியிருக்கிறதா என்பதே முதலில் காணவேண்டியது.

அபாயங்கள்: இதைப் படிக்காமல் ஸ்குரூ கழற்ற வேண்டாம்

1. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் போதுமென்று நினையாதீர்கள். யு.பி.எஸ். வைத்திருக்கும் வீட்டில் சுவரில் கரண்டு இல்லாதபோதும் கேபினட்டில் 230 வோல்ட் இருக்கும். கேபினட்டின் பின்புறம் செருகியுள்ள பவர் கார்டையே உருவி எடுத்துவிடுங்கள்.

2. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. உள்ளே வரும் 230 வோல்ட் ஏ.சி., சுமார் 325 வோல்ட் டி.சி.யாகி கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பவர் கார்டை எடுத்த பின்னும் அது சிறிது நேரம் உயிரோடிருக்கும்.

3. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துத் தனியே ஓட்டிப் பார்க்கும் உபாயத்தைப் பலர் கற்றுக்கொடுக்கக் கூடும். புதியவர்களுக்கு அது வேண்டாம். கம்ப்யூட்டரைச் சாதாரணமாக முடுக்கியே எல்லாவற்றையும் பரீட்சிக்கலாம்.

4. உள்ளே கைவைக்குமுன் பெயிண்ட் இல்லாத கேபினட் தகட்டை ஒருமுறை தொடுங்கள். நம் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அதிகம் சேராது, ஏ.சி. ஓடும் ஸ்டுடியோ அறையில் சேரும்.

5. ஐப்பசி கார்த்திகையிலும் சித்திரை வைகாசியிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் பரீட்சையை மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள். பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் உருவிவிடுவது மின்னலுக்கு எதிராக நம் கையில் உள்ள நிச்சயமான பாதுகாப்பு.

முதற் பரீட்சை: மேஜைமீது

கண்ட்ரோலரை உடனே கேபினட்டில் பொருத்திவிட்டால், குறை கண்டபோது மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். ஆகையால் கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்து வைத்து, அதன் அருகே உலர்ந்த மரப்பலகைமீது கண்ட்ரோலரை வைத்து, உபரியான ஒரு ஃபேனோடு ஆரம்பியுங்கள்.

1. பவர் கார்டை உருவிய நிலையில் மோலெக்ஸ் இணைப்பைக் கண்ட்ரோலருக்குக் கொடுங்கள். முதல் சேனலில் ஃபேனை மாட்டுங்கள். இணைப்பின் பள்ளமும் மேடும் பொருந்தினால் மெல்ல இறங்கும், பலவந்தம் கூடாது.

2. பவர் கார்டைச் செருகிக் கம்ப்யூட்டரை முடுக்குங்கள். நல்ல கண்ட்ரோலர் ஓரிரு விநாடி ஃபேனை முழு வேகத்தில் சுழற்றிவிட்டுப் பிறகே குறைக்கும். குறைந்த வேகத்திலேயே தொடங்க முயன்றால், சற்றுப் பழைய ஃபேன் துடித்துக்கொண்டு நின்றுவிடும். இந்த முதல் வேகம் இல்லாத கண்ட்ரோலருக்கு ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளுங்கள்.

3. வேகத்தைப் படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் அரை நிமிஷம் காத்திருங்கள். ஃபேன் எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

4. இப்போது கீழிருந்து மேலே ஏற்றுங்கள். நின்ற ஃபேன் மறுபடி சுழலத் தொடங்கும் எண், அது நின்ற எண்ணைக் காட்டிலும் உயர்ந்திருக்கும். இந்த இரண்டாவது எண்ணுக்குக் கீழே உங்கள் ஃபேனை ஒருபோதும் வைக்கலாகாது. ஏனெனில் கரண்டு போய் வந்தால் அந்த வேகத்தில் அது எழுந்து வராது.

5. கண்ட்ரோலர் காட்டும் சுழற்சி எண்ணைச் சரிபார்க்க, கம்ப்யூட்டரை அணைத்து, அதே ஃபேனை மதர்போர்டில் மாட்டி, பயாஸில் முழு வேகத்துக்கு உரிய எண்ணைப் பாருங்கள். இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்துக்குமேல் வித்தியாசம் வரலாகாது. சரியாக இரட்டிப்பாகவோ பாதியாகவோ வந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்ற வழக்கமான கணக்கைக் கண்ட்ரோலர் தவறாக எண்ணுகிறது என்று பொருள். சாதனம் ஓடும், எண்ணை நம்ப இயலாது.

6. மல்டிமீட்டர் உள்ளவர்கள், ஃபேன் மாட்டிய நிலையிலேயே, முழு வேகத்தில், 12 வோல்ட் வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருப்பது முறை. கண்ட்ரோலரைத் தாண்டி வரும்போது அதில் அரை வோல்ட்டுக்குமேல் இழக்கப்பட்டால் அச்சேனல் வீணே சூடாகிறது. இரண்டு ஊசிமுனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் ஒரு கையாலேயே பிடிக்கப் பழகுங்கள்.

பொதுவாக நேரும் பிழை: குறைந்த வேகத்தில் ஃபேன் "கிர்" என்று உறுமினால் ஃபேன்தான் பழுதென்று அதை மாற்றிவிடுகிறார்கள். சில கண்ட்ரோலர்கள் வோல்டேஜைக் குறைப்பதற்குப் பதிலாக 12 வோல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். அந்த வெட்டு மோட்டாரில் உறுமலாகக் கேட்கும். அதே ஃபேனை வேறொரு சேனலிலும் மதர்போர்டிலும் மாட்டிக் கேட்டால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். இரைச்சலைக் குறைக்க வாங்கிய சாதனம் இரைச்சலை உண்டாக்குமானால் அதை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இரண்டாம் பரீட்சை: உஷ்ணமானிகள்

இதற்கு ஐஸும், இளஞ்சூடான நீரும், வீட்டிலுள்ள காய்ச்சல்மானியும் போதும்.

1. உஷ்ணமானி நுனிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, சிறிய பிளாஸ்டிக் உறையினுள் இட்டு, வாயை நூலால் இறுக்குங்கள். நீர் உள்ளே போகலாகாது. நீர்ப் பாத்திரத்தைக் கேபினட்டுக்கு எட்டத்தில், அதைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் வையுங்கள்.

2. நொறுக்கிய ஐஸும் அதிலிருந்து உருகிய நீரும் கலந்த டம்ளரில் ஐந்து நிமிஷம் அமிழ்த்துங்கள். பூஜ்யத்தை ஒட்டி, 2 டிகிரிக்கு மிஞ்சாமல் எல்லாமே காட்டவேண்டும்.

3. பிறகு கைபொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் காய்ச்சல்மானியோடு சேர்த்து அமிழ்த்துங்கள். காய்ச்சல்மானி பாரன்ஹீட்டில் 104 காட்டினால் கண்ட்ரோலர் 40 டிகிரி சென்டிகிரேட் காட்டவேண்டும். அதற்குமேல் சூடான நீரில் கண்ணாடிக் காய்ச்சல்மானியை இறக்கினால் வெடித்துவிடும். உள்ளே இருப்பது பாதரசம் என்பதை மறக்கவேண்டாம்.

ஐந்து உஷ்ணமானிகளும் ஒரே மாதிரியாக 2 டிகிரி கூட்டிக் காட்டினால் பாதகமில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று 4, 5 டிகிரி முரண்பட்டால் அவற்றைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரமுடியாது.

மூன்றாம் பரீட்சை: திரையும் ஈரமும்

முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்துக்குப் பணிந்தால் அது அழுத்தத்தால் இயங்கும் திரை. விரற்சதைக்கு மட்டும் பணிந்தால் செல்போன்களில் உள்ளதைப் போன்ற தினுசு. இடவப்பாதி மழைக்காலத்தில் நனைந்த கையோடு வந்து அமர்பவர்களுக்கு முதல் தினுசே சௌகரியம். இரண்டாவது, நீர்த்துளியையே விரலென்று மயங்கும். ஈரவிரலால் ஒவ்வொரு சேனலையும் தொட்டு, பக்கத்துச் சேனல் தானாக மாறுகிறதா என்று பாருங்கள். திரையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டா என்பதையும் கவனியுங்கள். இல்லையென்றால் தூசி துடைக்கும் துணியே ஃபேனை நிறுத்திவிடும். கடையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்த பிறகே இதைச் செய்யவேண்டும்.

நான்காம் பரீட்சை: கரண்டு போனால், வயர் அறுந்தால்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுவதும் ஒதுக்குங்கள்.

1. ஞாபகம். ஐந்து சேனல்களுக்கும் ஐந்து வேறு வேகங்களை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை முறைப்படி ஷட்-டவுன் செய்து, பவர் கார்டை உருவி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி முடுக்குங்கள். வைத்த வேகங்கள் அப்படியே திரும்பினால் சிறப்பு. எல்லாம் முழு வேகத்துக்குப் போய்விட்டால் இரைச்சல்தான், அபாயமில்லை. எல்லாம் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிட்டாலோ, சில சேனல்கள் நின்றே போனாலோ, அந்தச் சாதனத்தை நம் ஊரில் உபயோகிக்க இடமில்லை. பட்டப்பகலில் நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் வேளையில் கரண்டு போய் வந்து, யந்திரம் தானே எழுந்து, ஃபேன் எழாமல் இருக்கும் நிலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

பொதுவாக நேரும் பிழை: கரண்டு போய் வருவதை அனுகரிக்க ஸ்விட்சைத் "டக் டக்" என்று பலமுறை தட்டுவது. அது கண்ட்ரோலரைப் பரீட்சிப்பதாகாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஹார்ட் டிஸ்க்கையும் தண்டிப்பதாகும்.

2. நின்ற ஃபேன். கம்ப்யூட்டரை அணைத்து, மாட்டியிருந்த ஒரு ஃபேனின் இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி முடுக்குங்கள். அலாரம் ஒலிக்கவேண்டும். பக்கத்து அறையில், மழை பெய்யும்போது கேட்கக்கூடிய சத்தமா என்பதையும் தீர்மானியுங்கள். சுழலும் ஃபேனில் விரலையோ பென்சிலையோ நுழைத்து நிறுத்திப் பார்ப்பது மூடத்தனம்.

3. உஷ்ண அலாரம். எச்சரிக்கை எல்லையை 40 டிகிரிக்கு வைத்து, உறையிட்ட உஷ்ணமானியை வெந்நீரில் இறக்குங்கள். சில கண்ட்ரோலர்கள் அலறிவிட்டு ஓயும். சில அலறுவதோடு ஃபேன்களையும் முழு வேகத்துக்கு ஏற்றும். இரண்டாவதே வேண்டும். கடையில் ஆளில்லாதபோது அலறலால் யாருக்கு லாபம்?

4. அறுந்த வயர். இப்பரீட்சையைச் செய்பவர் அரிது. விட்டுவிடக் கூடாதது இதுவே. இத்தகைய உஷ்ணமானிகளின் நுனியில் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு மணி. வயர் அறுந்தால் தடை அளவற்றதாகிறது. விவேகமில்லாத கண்ட்ரோலர் அதைக் கடுங்குளிர் என்று அர்த்தப்படுத்திக்கொண்டு ஃபேனை மெதுவாக்கிவிடும். பிராசஸர் வெந்துகொண்டிருக்கையில் ஃபேன் உறங்கும். ஆகவே கண்ட்ரோலரை ஆட்டோ நிலையில், அதாவது உஷ்ணத்துக்குத் தக்கபடி தானே வேகத்தை மாற்றும் நிலையில் வைத்து, கம்ப்யூட்டரை அணைத்து, உஷ்ணமானி ஒன்றின் இணைப்பை எடுத்துவிட்டு, மறுபடி முடுக்கிப் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் கோடுகளைக் காட்டி, ஃபேனை முழு வேகத்தில் ஓட்டினால் அதை வடிவமைத்தவர் யோசித்து வேலை செய்திருக்கிறார். ஃபேன் மெதுவானால், அந்தக் கண்ட்ரோலரில் ஆட்டோ என்ற சொல்லையே மறந்துவிட்டு, கையால் வைக்கும் வேகத்தில் மட்டும் உபயோகிக்கலாம்; அல்லது திருப்பிக் கொடுக்கலாம். எலியும் பல்லியும் கேபினட்டுக்குள் குடியேறும் வீடுகளில் வயர் அறுவது அபூர்வமான சம்பவமன்று.

ஐந்தாம் பரீட்சை: பொருத்திய பின், வேலைச் சுமையில்

மேற்கண்டவற்றில் தேறிய சாதனத்தையே கேபினட்டில் பொருத்துங்கள். பொருத்தும்போது மூன்று விதிகள்.

1. பிராசஸர் ஃபேன் மதர்போர்டில் அதற்கென உள்ள இடத்திலேயே இருக்கட்டும். அதைக் கழற்றிக் கண்ட்ரோலரில் மாட்டினால், பல மதர்போர்டுகள் ஃபேன் இல்லையென்று தவறு காட்டி நின்றுவிடும். நிற்காதவையோ, சூடு ஏறும்போது அதை வேகப்படுத்தும் உரிமையை இழந்துவிடும். முன்புற, பின்புற, மேற்புற ஃபேன்களே கண்ட்ரோலருக்கு உரியவை.

2. உஷ்ணமானி நுனியைப் பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே செருகலாகாது. அவ்வளவு மெல்லிய பொருளும் இரண்டின் தொடுகையைக் கெடுத்துச் சூட்டைப் பெருக்கும். ஹீட் சிங்கின் அடித்தட்டு ஓரத்தில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கின் பக்கத்தில் ஒன்று, பின்புறக் காற்று வெளியேறும் இடத்தில் ஒன்று, முன்புறம் காற்று நுழையும் இடத்தில் ஒன்று என்று வைப்பது நல்ல வகுப்பு. சாதாரண செல்லோ டேப்பின் பசை சூட்டில் இளகி வழியும். மஞ்சள் நிறமான சூடு தாங்கும் டேப்பையே உபயோகியுங்கள்.

3. வயர்களைக் கேபிள் டையால் கட்டி, ஃபேனின் இதழ்களுக்கு எட்டாமல் ஒதுக்குங்கள்.

பிறகு சுமைப் பரீட்சை. விண்டோஸ் உபயோகிப்போர் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளிலும், கேரளப் பள்ளிகளின் வழியே பழக்கமான கைட் நிறுவனத்தின் லினக்ஸை வைத்திருப்போர் எல்.எம். சென்ஸார்ஸிலும் பிராசஸரின் உள் உஷ்ணத்தைக் காணலாம். அது கண்ட்ரோலர் காட்டும் எண்ணைவிடப் பத்து, இருபது டிகிரி உயர்ந்திருப்பது இயற்கையே. ஒன்று பிராசஸரின் உட்கருவில் அளக்கப்படுவது, மற்றது வெளி உலோகத்தில்.

அ. அறையின் உஷ்ணத்தை முன்புற உஷ்ணமானியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆ. எல்லா ஃபேன்களையும் முழு வேகத்தில் வைத்து, வீடியோ ரெண்டரிங் போன்ற கனமான வேலையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். எண்கள் ஏறுவது நின்ற பிறகு எழுதுங்கள்.

இ. அதே வேலையை, ஃபேன்களை முக்கால் வேகத்திலும் பிறகு அரை வேகத்திலும் வைத்து ஓட்டுங்கள்.

ஈ. ஒவ்வொரு தடவையும் பிராசஸர் உஷ்ணத்திலிருந்து அறை உஷ்ணத்தைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்தக் கழித்தல் இல்லாமல் ஒப்பிடுவதே பலர் செய்யும் பெரும்பிழை. மீன மாதத்துப் பகலில் அறை 33 டிகிரியில் இருக்க, பிராசஸர் 72 காட்டினால் வித்தியாசம் 39. மழை விடாத மிதுன மாத இரவில் அறை 26-ஆக இருக்க, பிராசஸர் 67 காட்டினால் வித்தியாசம் 41. பார்வைக்கு இரண்டாவது குளிர்ச்சி. உண்மையில் இரண்டாவது வேளையில்தான் ஃபேன்கள் குறைவாக வேலை செய்திருக்கின்றன. எந்த ஃபேனும் கேபினட்டின் உட்புறத்தை அறையைவிடக் குளிரச் செய்யாது என்பதை நினைவிற்கொண்டால், நம் ஊர்க் கோடையில் சீமைப் பத்திரிகைகளில் வரும் எண்களோடு போட்டியிடும் ஆசை எழாது.

முழு வேகத்துக்கும் முக்கால் வேகத்துக்கும் வித்தியாசம் 2, 3 டிகிரிதான் என்றால் முக்காலிலேயே நிலைநிறுத்துங்கள். அரை வேகத்தில் 8, 10 டிகிரி ஏறினால், இரவில் இலேசான வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பகலில் ஏற்றிவிடுங்கள். உட்கரு உஷ்ணம் கனமான வேலையிலும் 80-ஐத் தாண்டாமலிருப்பது நீண்டகால உபயோகத்துக்கு ஏற்றது. 100-ஐ நெருங்கினால் பெரும்பாலான இன்டெல் பிராசஸர்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

எதைத் திருப்பிக் கொடுப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது

சுழற்சி எண்ணில் சிறு பிழை, திரையின் ஒளி மங்கல், உஷ்ணமானிகள் ஒருமுகமாகக் கூட்டிக் காட்டுவது, இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்டு வந்தபின் ஃபேன் எழாமை, ஈரவிரலுக்குப் பக்கத்துச் சேனல் மாறுவது, பத்து நிமிஷம் ஓடியபின் கண்ட்ரோலரின் பின்பலகையில் கருகிய வாசனை, இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றைக்கே பில்லோடு கடைக்குப் போங்கள். வயர் அறுந்தால் ஃபேனை மெதுவாக்கும் குறையை விலை நிர்ணயிக்கட்டும்: பாதி விலைக்குக் கிடைத்த பழைய சரக்கானால் கையால் ஓட்டிக்கொள்ளலாம், முழு விலை கொடுத்ததானால் கூடாது.

பரீட்சையில் எழுதிய எண்களை, தேதியோடு, ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இடவப்பாதிக்கு முன் ஒருமுறையும் துலாவர்ஷம் ஓய்ந்தபின் ஒருமுறையும் தூசி தட்டும்போது, ஃபேன் இதழ்களை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காற்றை ஊதித் துப்புரவு செய்து, கரண்டு பரீட்சையையும் சுமைப் பரீட்சையையும் மறுபடி நடத்துங்கள். அதே வேகத்தில் உஷ்ண வித்தியாசம் 5 டிகிரிக்குமேல் கூடியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றவேண்டும். அதன் முறை அடுத்த அத்தியாயத்தில்.